ஈரொலி ஈந்த பெருந்தகை

இசை கேட்டு இன்புறுவோர் பலர். அவ்விசையை அரங்கிலிருந்து நம் இல்லத்துக்குக் கொணர்ந்தாரை அறிவோர் மிகச் சிலர். அன்னாருள் முன்னிற்பவர் ஆங்கிலப் பொறியியலாளர் அலன் டவர் புளும்லைன். அவர்தம் வரலாற்றை நம் மாணவர் அறிதல் நலமெனக் கருதி ஈண்டுச் சுருங்கக் கூறுகின்றோம்.

1903 ஆம் ஆண்டு யூன் 29 ஆம் நாள் இவர் இலண்டனிற் பிறந்தார். இளமையில் வாசிப்பில் மிகப் பின்தங்கியிருந்தாரென்றும், கணிதத்திலோ வயதுக்கு மிஞ்சிய வன்மை காட்டினாரென்றும் சொல்வர். ஒன்றிற் பின்தங்கிய பிள்ளையை மந்தனென்று ஒதுக்கத் துணியும் ஆசிரியராகிய நாம் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். 1923 இல் முதல் வகுப்பிற் பட்டம் பெற்ற இவர், தொலைபேசித் துறையிற் சில ஆண்டு உழைத்தபின் 1929 இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்திற் சேர்ந்தார். 1931 இல் அந்நிறுவனம் பிறிதொன்றுடன் இணைந்து ஈ.எம்.ஐ. எனப் பெயர் பெற்றது.

அக்காலத்தில் ஒருநாள் படமாளிகையில் இருந்தபோது, நடிகர் திரையின் ஒரு புறத்தே நிற்க, அவர் குரல் வேறோரிடத்திலிருந்து வருவது இவர் உள்ளத்தை உறுத்திற்று என்பர். இறைவன் நமக்கு இரு செவி தந்திருக்க, ஒலிபெருக்கி ஒன்றே பேசினால் திசை எங்ஙனம் தோன்றும்? இவ்வினாவின் விடையாக எழுந்ததே இன்று நாம் ஸ்டீரியோ என வழங்கும் ஈரொலி முறை. 1931 திசெம்பர் 14 ஆம் நாள் இவர் விண்ணப்பித்த ஆக்கவுரிமை எழுபது கோரிக்கைகளைக் கொண்டது. இசைத்தட்டின் ஒரே பள்ளத்தின் இரு சுவர்களிலும் இரு ஒலிகளைப் பதிக்கும் வழியும் அதனுள் அடங்கும். 1934 இல் அபி றோட் ஒலிப்பதிவுக் கூடத்தில், தோமஸ் பீச்சம் நடத்திய மோட்சார்ட் இசையை இம்முறையிற் பதிவு செய்தார்.

பின்னர்த் தொலைக்காட்சிக்கும் அரும்பணி புரிந்தார். உலகப்போர் மூண்டபின், விமானத்திலிருந்து நிலத்தைக் காட்டும் ராடர்க் கருவியை ஆக்குவதில் ஈடுபட்டார். 1942 யூன் 7 ஆம் நாள் அதனைச் சோதிக்கச் சென்ற விமானம் தீப்பற்றி வீழ்ந்தது. அவரும் உடன்சென்ற பதின்மரும் மாண்டனர். பொறியில் ஒரு சிறு சுரை சரிவர இறுக்கப்படாமையே காரணமெனப் பின்னர்த் தெரியவந்தது. 39 வயது நிறையாத, 128 ஆக்கவுரிமைகளுக்குரிய அறிஞரின் மறைவு, போர்க்கால மறைபொருளாதலின் உலகறியாது போயிற்று.

ஈரொலி இசைத்தட்டுகள் பிரித்தானியக் கடைகளுக்கு வந்தது 1958 இலேயே. 1970 களில் நான்கு ஒலிபெருக்கி முறையும், அதன்பின் முன்னே மூன்று, பின்னே இரண்டு, தாழ்சுரத்துக்கு ஒன்று என அமைந்த பல்லொலி முறையும் தோன்றின. இன்று ஒரே வீட்டில் இரண்டையும் கேட்க விழைவோர், பழைய இணையை அகற்ற வேண்டுமோ என மயங்குகின்றனர். வேண்டுவதில்லை. கேட்போரும் முன்னிரு ஒலிபெருக்கிகளும் சமபக்க முக்கோணமாக அமைதல் ஈரொலிக்கு உரிய இலக்கணம். பல்லொலிக்கும் அவ்விரண்டின் இடம் அதுவே. ஏனையவற்றை நடுவிலும் பின்னும் சேர்த்தாற் போதும். ஈரொலிப் பதிவு ஒலிக்கும்போது முன்னிணை மட்டும் பாட, மற்றவை வாய்மூடி நிற்க வேண்டும். புதுமை எத்துணை வளரினும் புளும்லைன் இட்ட அத்திவாரம் பெயராது நிற்றலை இதனால் அறிகின்றோம்.

அவர் மறைந்து 75 ஆண்டு கழித்து, 2017 இல், இசையுலகின் கிராமி விருது அவருக்கு வழங்கப்பட்டது. புகழ் தாழ்த்து வரலாம்; வாராதும் போகலாம். மாணவர்காள், உறுத்தும் குறையைக் கண்டு முணுமுணுத்து அமையாது, அதனைக் களைய முற்படுங்கள். கைக்கொண்ட பணியில் ஒரு சிறு சுரையையும் இறுக்காது விடாதீர்கள்.