வயது கடந்தவர்க்கு வாசல் திறந்த அம்மையார்

படிக்க வேண்டிய வயதில் படிக்காதவருக்கு இனிப் படிப்பு எதற்கு என்று கேட்கும் வழக்கம் நம் நாட்டில் இன்னும் ஒழிந்தபாடில்லை. முப்பது வயதுப் பெண் ஒருத்தி வேலை கேட்டு வருகிறாள். ஐந்தாம் வகுப்புதான் படித்தேன் என்றால் வேலை இல்லை என்கிறார்கள். சரி, படிக்கிறேன் என்று போனால் வயது கடந்துவிட்டது என்கிறார்கள். இரண்டு கதவையும் அடைத்துவிட்டு, உழைக்க மனமில்லாதவள் என்ற பழியையும் அவள் தலையிலேயே சுமத்துகிறார்கள்! இந்த அநியாயத்துக்கு வழி கண்டவர்களில் முன்னணியில் நிற்பவர் துர்க்காபாய் தேஷ்முக் அம்மையார்.

மயிலாப்பூரிலிருந்து அடையாறு நோக்கிப் போகிறவர்கள், இராஜா அண்ணாமலைபுரத்தில் அம்மையாரின் பெயர் தாங்கிய சாலையைக் காணலாம்.  அவர் தோற்றுவித்த ஆந்திர மகிளா சபையும் அங்கேதான் இருக்கிறது. அவ்வழியே நாள்தோறும் போய் வருகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயருக்கு உரியவரின் வரலாற்றை அறிவர்?

1909ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் இராஜமுந்திரியில் பிறந்தார். எட்டு வயதில் திருமணம் செய்து வைத்துவிட்டார்கள். வயது வந்தபின் அந்த மண வாழ்வு தமக்கு வேண்டாம் என்று துணிந்து மறுத்தார். தந்தையும் தம்பியும் அவருக்குத் துணை நின்றார்கள். ஒத்துழையாமை இயக்கத்தின்போது ஆங்கிலப் பள்ளியைத் துறந்தார். சிறுமியாக இருக்கும்போதே தாம் கற்ற இந்தியை ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்.

1930இல் சென்னையில் நடந்த உப்புச் சத்தியாக்கிரகத்தில் கைதானார். அடுத்த மூன்று ஆண்டுகளில் சிறை வாழ்வு அவருக்குப் பழகிப் போயிற்று. அங்கேதான் அவர் கண் திறந்தது. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஏழைப் பெண்கள் பலர், தம்மீதுள்ள வழக்கு இன்னதென்றே அறியாமல் தண்டனை அனுபவிப்பதைக் கண்டார். எழுதப் படிக்கத் தெரியாமையும் சட்டம் தெரியாமையும் மனிதரை எங்கே கொண்டுபோய்த் தள்ளுகின்றன என்பதை உணர்ந்தார். இவர்களுக்காக வாதாட வேண்டுமானால் தாம் வழக்கறிஞராக வேண்டும் என்று உறுதி கொண்டார்.

ஆனால் கையில் பள்ளி இறுதிச் சான்றிதழ்கூட இல்லையே! இருபது வயதைத் தாண்டிய பின்னர், தனியே படித்து, காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வை எழுதினார். வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் சேரப் போனால், பெண்களுக்கு விடுதி இல்லை என்று தயங்கினார்கள். அம்மையார் பத்திரிகையில் விளம்பரம் செய்து, படிக்க விரும்பிய பெண்களைத் திரட்டி விடுதியை உண்டாக்கிவிட்டார்! பிறகு சென்னையில் சட்டம் பயின்று 1942இல் பட்டம் பெற்றார்.

தாமே மாணவியாக இருந்த 1937ஆம் ஆண்டிலேயே சென்னையில் ஆந்திர மகிளா சபைக்கு வித்திட்டார். பள்ளியை விட்டு நின்றுபோன பெண்களை, தாம் எழுதிய அதே மெட்ரிகுலேஷன் தேர்வுக்குத் தயார் செய்தார். கைத்தொழிலும் அங்கே கற்பித்தார்கள். பின்னாளில் மருத்துவமனையும் செவிலியர் பயிற்சியும் ஆசிரியப் பயிற்சியும் சேர்ந்தன. எழுத்து, தேர்வு, தொழில், வேலை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் படி வைத்துக் கட்டிய ஏணி அது.

அம்மையார் அரசியல் நிர்ணய சபையில் இருந்தார். திட்டக் கமிஷனில் இருந்தார். 1953இல் மத்திய சமூக நல வாரியத்தின் தலைவரானார். அப்போது ஒரு வேடிக்கையான நிலைமை எதிர்ப்பட்டது. ஐந்தாண்டுத் திட்டங்களுக்குக் கிராம சேவிகைகளும் மருத்துவச்சிகளும் ஆசிரியைகளும் வேண்டும், கிடைக்கவில்லை. அதே கிராமங்களில் கணவனை இழந்தவர்களும் கைவிடப்பட்டவர்களும் வேலைக்கு ஏங்கி நின்றார்கள். தகுதிச் சான்றிதழ் இல்லை. ஒரு பக்கம் ஆள் இல்லாத வேலை, மறுபக்கம் வேலை இல்லாத ஆள்! இரண்டையும் இணைக்க 1958இல் வாரியம் தொடங்கியதுதான் வயதுவந்த பெண்களுக்கான சுருக்கப் பாடத்திட்டம்.

பல ஆண்டுப் பள்ளிப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் கற்பித்து, அரசு ஒப்பும் தேர்வுக்கு அனுப்புவது அதன் முறை. வகுப்பு நடத்தத் தொண்டு நிறுவனங்களுக்கு வாரியம் பணம் தந்தது. தேறியவர்கள் செவிலியர், ஆசிரியை, கிராம சேவிகைப் பயிற்சிகளில் சேரத் தகுதி பெற்றார்கள். குறை இல்லாத திட்டம் என்று நாம் சொல்லவில்லை. நல்ல தொண்டு நிறுவனம் இல்லாத ஊருக்கு வகுப்பு எப்படிப் போய்ச் சேரும்? ஆனாலும் வயதுவந்தவரின் படிப்பு வேலையில் போய் முடிய வேண்டும் என்ற கொள்கை அதில் தெளிவாக இருந்தது. 1958இல் அமைந்த பெண்கல்விக்கான தேசியக் குழுவுக்கும் அம்மையாரே தலைமை ஏற்றார். 1959இல் வெளிவந்த அதன் அறிக்கையும் இந்தக் கொள்கையை வலியுறுத்தியது.

அம்மையாரின் உள்ளத்தைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். அவர் மறுத்துவிட்ட அந்தக் கணவர் வேறு மணம் செய்துகொண்டு, 1941இல் இறந்துபோனார். அவருடைய மனைவி ஆதரவின்றி நின்றார். அந்த அம்மையாரை அழைத்து, தொழில் கற்கச் செய்து, ஐதராபாத்தில் கைத்தொழில் பயிற்சி நிலையத்தில் வேலை பார்க்கும் நிலைக்கு உயர்த்தினார் துர்க்காபாய். யாருக்கு வரும் இந்தப் பெருமனம்!

1981ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் அம்மையார் மறைந்தார். இன்று மூன்று மாதப் பயிற்சி, ஆறு மாதப் பயிற்சி என்று திட்டங்கள் பல உண்டு. அவை வேண்டியவையே. ஆனால் பயிற்சி முடிந்த மறுநாள் அந்தப் பெண் எங்கே போவாள்? அவள் கையிலுள்ள சான்றிதழை முதலாளி மதிப்பாரா? அதைக் கொண்டு அடுத்த படிப்பில் சேர முடியுமா? இந்தக் கேள்விகளுக்கு விடை இல்லாத பயிற்சி, நடுவழியில் இறக்கிவிடும் வண்டியைப் போன்றது. எத்தனை பேருக்குப் பயிற்சி அளித்தோம் என்று கணக்குக் காட்டுவது எளிது. எத்தனை பேர் சம்பளம் வாங்குகிறார்கள் என்று கணக்குக் காட்டுவதே ஆட்சிக்கு அழகு. அம்மையாரின் பெயரைச் சாலைக்குச் சூட்டினோம், நன்று. அவர் காட்டிய வழியில் நடப்பது எப்போது?