ரேபிஸ் தடுப்பூசி முதலில் யாருக்குப் போடப்பட்டது? லூயி பாஸ்டரும் நாய்களும்

வீட்டுக்கு நாய்க்குட்டி வந்த முதல் வாரம் செம பிஸியாக இருக்கும். பேர் வைக்கணும், பெல்ட் வாங்கணும், சாப்பாட்டுத் தட்டு வாங்கணும், ஸ்டேட்டஸில் போட்டோ போடணும். இந்த லிஸ்ட்டில் பலரும் தள்ளிப்போடும் ஒரே வேலை, தடுப்பூசி. வீட்டை விட்டு வெளியே போகாத நாய்க்கு எதுக்கு ஊசி என்ற நினைப்புதான் காரணம்.

சுமார் 140 வருடங்களுக்கு முன்பு பிரான்ஸில் ஒருவர் இந்த ஊசிக்காகப் பல வருடங்கள் போராடினார். அவர் டாக்டர் இல்லை, கால்நடை மருத்துவரும் இல்லை. பெயர் லூயி பாஸ்டர். பால் பாக்கெட்டில் இருக்கும் 'பாஸ்டரைஸ்டு' என்ற வார்த்தை இவர் பெயரில் இருந்து வந்ததுதான்.

ஓநாய் கடித்த ஊர்

பாஸ்டர் பிறந்தது 1822 டிசம்பர் 27, பிரான்ஸின் டோல் என்ற ஊரில். அப்பா தோல் பதனிடும் தொழிலாளி, முன்னாள் ராணுவ வீரர். பிறகு குடும்பம் ஆர்புவா என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது.

1831-ல் அந்த வட்டாரத்தில் வெறிபிடித்த ஓநாய் ஒன்று புகுந்து பலரைக் கடித்துக் குதறியது. அப்போது தெரிந்த ஒரே வைத்தியம், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தைச் சுடுவது. கடிபட்டவர்களைக் கொல்லன் பட்டறைக்குக் கூட்டிப்போய்ச் சூடு வைத்தார்கள். அப்படியும் பலர் இறந்துபோனார்கள். அப்போது பாஸ்டருக்கு 8 வயது. அந்தச் சம்பவம் அவர் மனதை விட்டுப் போகவே இல்லை என்கின்றன அவருடைய வாழ்க்கை வரலாறுகள்.

பள்ளியில் அவர் டாப்பர் கிடையாது. நன்றாகப் படம் வரைவார். கெமிஸ்ட்ரியில் ஒருமுறை 'சுமார்' என்ற மதிப்பீடுதான் கிடைத்தது. பிற்காலத்தில் அதே கெமிஸ்ட்ரிதான் அவரைப் பிரபலமாக்கியது.

இழப்புகள் நிறைந்த வீடு

ஒயின் ஏன் கெட்டுப்போகிறது, பட்டுப்புழுக்கள் ஏன் கூட்டமாகச் சாகின்றன என்று ஆராய்ந்தவர், கண்ணுக்குத் தெரியாத கிருமிகளின் பக்கம் வந்து சேர்ந்தார். சொந்த வாழ்க்கையிலும் நோய் அவரை விடவில்லை. 5 பிள்ளைகளில் 3 பேர் சிறு வயதிலேயே இறந்தார்கள். அதில் இருவரைக் கொண்டுபோனது டைபாய்டு.

1868-ல் பாஸ்டருக்குப் பக்கவாதம் வந்தது. அப்போது வயது 45. இடது பக்கம் கடைசிவரை முழுதாகச் சரியாகவில்லை. அவருடைய முக்கியமான தடுப்பூசி வேலைகள் எல்லாம் இதற்குப் பிறகுதான் நடந்தன.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

1880-ன் இறுதியில் பாஸ்டர் ரேபிஸைக் கையில் எடுத்தார். அன்றைய மைக்ராஸ்கோப்பில் தெரியாத அளவுக்கு அது சின்னக் கிருமி. வைரஸ் என்றால் என்ன என்றே யாருக்கும் தெளிவாகத் தெரியாத காலம். வெறிபிடித்த நாயின் வாயருகே குனிந்து, கண்ணாடிக் குழாயால் அவரே எச்சிலை உறிஞ்சி எடுத்தார் என்று ஒரு பிரபலமான கதைகூட உண்டு.

நோய்க்கிருமி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது என்பது பிறகு புரிந்தது. உதவியாளர் எமில் ரூ கிருமியை நேராக நாயின் மூளையில் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். நாயின் மண்டையில் துளையிடுவதை பாஸ்டரால் தாங்க முடியவில்லை. ஆனாலும் சோதனை தொடர்ந்தது, நிறைய நாய்களும் முயல்களும் செத்தன. இதற்காக அவரைக் கடுமையாக எதிர்த்தவர்கள் அன்றே இருந்தார்கள். இன்று போடும் ஊசிக்குப் பின்னால் இந்த விலையும் இருக்கிறது.

நோய் வந்து செத்த முயலின் தண்டுவடத்தை எடுத்து, கண்ணாடி ஜாடியில் தொங்கவிட்டுக் காயவைத்தார்கள். நாளாக ஆக அதன் வீரியம் குறைந்தது. சுமார் 2 வாரம் காய்ந்த பிறகு அதனால் நோயைத் தர முடியவில்லை. வீரியம் குறைந்ததில் தொடங்கி கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால், உடம்பு எதிர்க்கப் பழகிவிடும். இதுதான் ஐடியா.

முதல் திட்டம்: எல்லா நாய்க்கும் ஊசி

பாஸ்டர் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது அவர் காப்பாற்றிய சிறுவன். ஆனால் அவர் முதலில் ஊசி போட நினைத்தது மனிதர்களுக்கு இல்லை, நாய்களுக்கு. நாய்க்கு நோய் வராவிட்டால் மனிதனுக்கும் வராது. சிம்பிள் லாஜிக்.

1884-ல் பிரெஞ்சு அரசு அமைத்த குழு இதைச் சோதித்துப் பார்த்தது. ஊசி போட்ட நாய்கள் தப்பின, போடாதவற்றில் பலவற்றுக்கு நோய் வந்தது. ஆனால் நாடு முழுக்க இருந்த நாய்களுக்குப் பல தவணை ஊசி போட முயல்களுக்கு எங்கே போவது? அந்தக் காலத்து வசதியில் அது நடக்காத காரியம்.

அப்போதுதான் அவர் வேறு வழியில் யோசித்தார். கடித்த உடனே ரேபிஸ் வந்துவிடாது. கிருமி மூளையைத் தொடப் பல வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் ஊசி போட்டு முந்திக்கொண்டால்?

1885 ஜூலை 6

அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த 9 வயது ஜோசப் மைஸ்டரைப் பாரிஸுக்குக் கூட்டிவந்தார் அவன் அம்மா. 2 நாள் முன்பு வெறிநாய் கடித்திருந்தது, உடம்பில் 14 கடிகள். பாஸ்டருக்கு மருத்துவம் பார்க்க லைசென்ஸ் இல்லாததால், டாக்டர் கிராஞ்சே ஊசி போட்டார். சுமார் 10 நாட்களில் 13 ஊசிகள். சிறுவன் பிழைத்தான்.

இதில் சர்ச்சையும் உண்டு. பல காலம் கழித்து அவருடைய ஆய்வுக் குறிப்பேடுகளைப் படித்த வரலாற்றாசிரியர்கள், சிறுவனுக்குப் போட்ட அதே முறையில் நாய்களிடம் செய்த சோதனைகள் அப்போது முடிந்திருக்கவில்லை என்று சுட்டிக்காட்டினார்கள். அவர் எடுத்தது பெரிய ரிஸ்க்.

சில மாதங்களிலேயே பல நாடுகளில் இருந்து கூட்டம் பாரிஸுக்கு வந்தது. 1886-ல் ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்கில் இருந்து ஓநாய் கடித்த 19 பேர் வந்தார்கள், 16 பேர் பிழைத்தார்கள். ஆனால் லூயிஸ் பெல்லெத்தியே என்ற 10 வயதுச் சிறுமியைக் காப்பாற்ற முடியவில்லை. கடிபட்டு 37 நாள் கழித்துத்தான் அவளைக் கொண்டுவந்திருந்தார்கள். ஊசி இருந்தது, நேரம் இல்லை.

குன்னூரும் 14 ஊசியும்

1888-ல் பாரிஸில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. அதே வழியில் இந்தியாவில் 1900-ல் கசௌலியிலும், 1907-ல் நீலகிரியின் குன்னூரிலும் பாஸ்டர் நிறுவனங்கள் வந்தன.

நாய் கடிச்சா தொப்புளைச் சுத்தி 14 ஊசி போடுவாங்க என்று தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது ஆட்டு மூளையில் தயாரித்த பழைய வகை ஊசி. 2000-களின் நடுவில் இந்தியா அதைக் கைவிட்டது. இப்போது கையில் சில தவணைகள் போட்டால் போதும்.

வீட்டில் நாய் இருந்தால்

* குட்டிக்குச் சுமார் 3 மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசி. பூஸ்டர் எப்போது என்று கால்நடை மருத்துவர் சொல்வார். பிறகு வருடா வருடம் மறக்காமல் போடணும்.
* பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசிகள் அதற்கு முன்பே, 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும்.
* வெளியே போகாத நாய் என்றாலும் ஊசி தேவை. கேட் திறந்திருக்கும் ஒரு நிமிடம் போதும்.
* கடித்தாலோ நகம் கீறினாலோ, குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவணும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம்.
* அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகணும். வீட்டு நாய்தான், ஊசி போட்ட நாய்தான் என்று நீங்களே முடிவு பண்ணக்கூடாது. அறிகுறி தெரிய ஆரம்பித்தால் ரேபிஸில் இருந்து பிழைப்பது அரிதிலும் அரிது.

முடியாத முதல் திட்டம்

1895 செப்டம்பர் 28-ம் தேதி, பாரிஸ் அருகே வில்நெவ் லெத்தாங்கில் பாஸ்டர் இறந்தார். சோதனை நாய்களை வைத்துப் பார்த்துக்கொண்ட கூடாரங்கள் அமைந்திருந்த அதே இடம். அவர் இறந்த நாளைத்தான் இன்று உலக ரேபிஸ் தினமாக அனுசரிக்கிறோம்.

மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய் மூலமாகத்தான் வருகிறது. ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்கு ஊசி போட்டால் நோய் பரவுவது நிற்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது, முயல் போதாமல் பாஸ்டர் கைவிட்ட அந்த முதல் திட்டம்தான் இன்றும் சரியான திட்டம். இப்போது மருந்து தாராளமாகக் கிடைக்கிறது. உங்க நாயோட தடுப்பூசி கார்டை எடுத்து, அடுத்த ஊசி எந்தத் தேதி என்று இன்றே பார்த்துவிடுங்கள்.