கடல் நீலம் முதல் லேசர் செராமிக் வரை: சி.வி.ராமன் விடாமல் துரத்திய கேள்வி

மணிமங்கலம், ஒரகடம் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு லேசர் புதுசு இல்லை. வாகனத் தயாரிப்பில் தகடு வெட்ட, பற்றவைக்க, எண் பொறிக்க லேசர்தான் இப்போது கைகொடுக்கிறது. லேசர்களில் ஒரு வகைக்கு இதயமே ஒரு தெளிவான படிகம். அதற்குப் பதிலாக, மெல்லிய ஆக்சைடு பொடியை அழுத்திச் சுட்டெடுத்த செராமிக்கையும் வைக்கலாம்.

ஆனால் டீ குடிக்கும் பீங்கான் கப்பும் செராமிக்தான். அதற்குள் ஒளி ஊடுருவிப் பார்க்க முடியாதே! லேசர் செராமிக் மட்டும் எப்படிக் கண்ணாடி மாதிரி இருக்கிறது? இந்தக் கணக்கின் முக்கியமான ஒரு பகுதியை, லேசர் பிறப்பதற்கு 5 ஆண்டுகள் முன்பே போட்டவர் சி.வி.ராமன்.

கணக்கு ஆபீஸில் இருந்து ஆய்வகத்துக்கு

1888 நவம்பர் 7-ல் திருச்சியில் பிறந்தார் ராமன். சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போதே, 1906-ல், அவரது முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்துவிட்டது. 1907-ல் நிதித்துறைத் தேர்வில் முதலிடம். கல்கத்தாவில் அரசு வேலை. ஆனாலும் மனசு முழுக்க அறிவியல்தான். ஆபீஸுக்கு முன்பும் பின்பும் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சோதனைகள் செய்தார்.

1917-ல், சம்பளம் கணிசமாகக் குறையும் என்று தெரிந்தே அரசு வேலையை உதறிவிட்டுக் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார்.

கடல் ஏன் நீலம்?

1921-ல் கப்பல் பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. கடல் வானத்தைப் பிரதிபலிப்பதால்தான் நீலமா? சிறிய ஒரு பட்டகத்தால் அந்தப் பிரதிபலிப்பை நீக்கிப் பார்த்தார். நீலம் போகவில்லை. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்.

அந்தத் தேடல் கே.எஸ்.கிருஷ்ணனுடன் சேர்ந்து 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவில் முடிந்தது. 1930-ல் நோபல் பரிசு.

66 வயதில் போட்ட கணக்கு

1933-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநர் ஆனார். நிர்வாக மோதல்களால் 1937-ல் அந்தப் பதவி போனது. 1948 வரை அங்கேயே பேராசிரியராக இருந்தவர், பிறகு தன் சொந்த ஆய்வு நிறுவனத்துக்கு வந்தார். அங்கேதான், 1955-ல், கே.எஸ்.விஸ்வநாதனுடன் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். கேள்வி இதுதான்: பல குட்டிப் படிகங்கள் ஒட்டிய பொருளுக்குள் ஒளி எப்படிப் போகும்?

செராமிக்கில் ஒளி இரண்டு விதமாகத் தடுமாறும். ஒன்று, துகள்களுக்கு இடையே மாட்டிய காற்றுத் துளைகள். இன்னொன்று, ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு திசையில் கிடப்பது. அலுமினா போன்ற பொருளில் ஒளியின் வேகம் திசைக்குத் திசை லேசாக மாறும். அதனால் பக்கத்துப் பக்கத்துத் துகள்களில் ஒளி முன்னே பின்னே ஆகிச் சிதறிவிடும். ராமனும் விஸ்வநாதனும் கணக்கிட்டது இந்த இரண்டாவது சிக்கலை. துகள் சிறுசாக ஆக, தெளிவு கூடும் என்பது அதன் சாரம்.

பொடி எப்படி லேசர் ஆகிறது?

லேசருக்குப் பேர்போன யாக் என்ற பொருளில் ஒளியின் வேகம் எல்லாத் திசையிலும் ஒன்றே. எனவே துளைகள்தான் பெரிய எதிரி. அலுமினியம், யிட்ரியம் ஆக்சைடு பொடிகளோடு கொஞ்சம் நியோடிமியம் ஆக்சைடு சேர்த்து அரைத்து, அழுத்தி, வெற்றிடத்தில் சுமார் 1,700 டிகிரி செல்சியஸுக்கு மேல் பல மணி நேரம் சுடுகிறார்கள். கடைசியில் துளைகள் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் பால் வெள்ளைதான்!

ஜப்பானின் அகியோ இகெசுவே குழு 1995-ல் இதைச் சாதித்தது. ஒற்றைப் படிகத்துக்கு இணையாக அந்த செராமிக் லேசர் வேலை செய்தது.

ராமன் 1970 நவம்பர் 21-ல் மறைந்தார். அந்த வெற்றியை அவர் பார்க்கவில்லை. ஆனால் ஒளி ஊடுருவும் அலுமினா பற்றிய ஆய்வுகளில் 1955 கட்டுரை இன்றும் மேற்கோளாக வருகிறது. சுட்டெடுத்த துண்டில் வேறு கலப்படம் இருக்கிறதா என்று சோதிக்கும் முறைகளில் ஒன்று, ராமன் நிறமாலையியல்!