கதவைத் தட்டிய ஆசிரியை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிங்கப்பூர் பரபரப்பான துறைமுக நகராக விளங்கியது. இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் மக்கள் பிழைப்புத் தேடி வந்தனர். அவர்களுள் ஆண்களே மிகுதி. கணவனுடனோ தந்தையுடனோ வந்த பெண்கள், உற்றார் உறவினர் இல்லாத ஊரில் வீட்டுக்குள்ளேயே வாழ்ந்தனர். பெண் பிள்ளைகளுக்குப் படிப்பு எதற்கு என்று பல பெற்றோர் எண்ணினர்.

இத்தகைய சூழலில், 1887ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஓர் இளம்பெண் கப்பலில் வந்திறங்கினார். அவர் பெயர் சோஃபியா பிளாக்மோர். 1857ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் கோல்பர்ன் நகரில் பிறந்தவர். மெதடிஸ்ட் திருச்சபையின் பெண்கள் சங்கம் அவரை இங்கு அனுப்பியது. அவரது பணிக்கான பணத்தைத் திரட்ட முன்வந்தவர்கள் அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரப் பெண்கள். மேரி நைண்ட் என்பவர் அதற்கு முன்னின்றார். பனி உறையும் ஊரில் வாழ்ந்த அவர்கள், தாங்கள் பார்த்தே இராத சிறுமிகளுக்காகப் பொருள் உதவி செய்தனர்.

தமிழ் வணிகர் சிலர் தங்கள் மகள்கள் படிக்கவேண்டும் என விரும்பினர். அவர்களின் ஆதரவுடன், பிளாக்மோர் வந்திறங்கிய ஒரே மாதத்தில் பள்ளி தொடங்கியது. இன்றைய லிட்டில் இந்தியாவுக்கு அருகில் உள்ள ஷார்ட் ஸ்திரீட்டில், ஒரு கடைவீட்டில், ஆகஸ்டு 15ஆம் நாள் 9 சிறுமிகள் பாடம் கற்க அமர்ந்தனர். அதன் பெயர் தமிழ்ப் பெண்கள் பள்ளி.

சீனக் குடும்பங்களை இணங்க வைப்பது அவ்வளவு எளிதாக இல்லை. பிளாக்மோர் மலாய் மொழியைக் கற்றார். பெரனாக்கான் குடும்பங்களின் வீடுகளுக்கு நடந்தே சென்று தாய்மாரிடம் பேசினார். பலர் மறுத்தனர். பணம் சம்பாதிக்கப் போகாத பெண்ணுக்கு எழுத்தறிவு எதற்கு என்பதே அவர்களின் கேள்வி. அவர் மனம் தளராமல் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். டான் கியோங் சாய்க் என்னும் வணிகர் அவருக்குத் துணை நின்றார். 1888ஆம் ஆண்டு கிராஸ் ஸ்திரீட்டில் இருந்த ஒரு வீட்டில், 8 சிறுமிகளுடன் இரண்டாவது பள்ளி பிறந்தது.

பகலில் பாடம் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். பெற்றோரை இழந்த சிறுமிகளுக்கும் ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பான இருப்பிடம் தேவைப்பட்டது. அவர்களுக்காக ஒரு விடுதியை நடத்தினார். பின்னாளில் அது நைண்ட் இல்லம் என்று பெயர் பெற்றது. வெவ்வேறு இனங்களைச் சேர்ந்த சிறுமிகள் அங்கு ஒன்றாக உண்டு, உறங்கி, படித்து வளர்ந்தனர். திருமணம் செய்துகொள்ளாத பிளாக்மோருக்கு அவர்களே குடும்பமாயினர்.

ஏறத்தாழ 40 ஆண்டுகள் இங்குப் பணியாற்றிய பின் அவர் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார். 1945ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் காலமானார்.

தமிழ்ப் பெண்கள் பள்ளி காலப்போக்கில் எல்லா இனத்தவரையும் சேர்த்துக்கொண்டு, மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியாக வளர்ந்தது. இன்று அது புக்கிட் தீமா வட்டாரத்தில், பிளாக்மோர் டிரைவ் என்னும் சாலையில் அமைந்துள்ளது. இரண்டாவது பள்ளியே இன்றைய ஃபேர்ஃபீல்டு மெதடிஸ்ட் பள்ளி. ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களின் பெண் பிள்ளைகளுக்குக் கல்வியின் கதவைத் திறந்தவர், தாமும் ஊர் விட்டு ஊர் வந்த ஒரு பெண்ணே.