ஏழைகளின் மருத்துவர் புனித ஜோசப் மொஸ்காத்தி

பிணி செல்வரையும் வறியவரையும் ஒன்றுபோலவே வந்து பற்றுகிறது. ஆனால் மருந்து மட்டும் இருவருக்கும் ஒன்றுபோலக் கிட்டுவதில்லை. இந்த வேற்றுமையைத் தம்மால் இயன்ற மட்டும் துடைத்தெறிய வேண்டும் என்று உழைத்த மருத்துவர் ஒருவர் இத்தாலி நாட்டின் நேப்பிள்ஸ் நகரில் வாழ்ந்தார். அவர்தாம் புனித ஜோசப் மொஸ்காத்தி. துறவியாகவோ குருவாகவோ ஆகாமல், மருத்துவராகவே வாழ்ந்து புனிதரான அப்பெருமகனாரின் வாழ்வை நாமும் சற்று அறிந்து கொள்வோம்.

மொஸ்காத்தி 1880-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள் பெனவெந்தோ நகரில் பிறந்தார். தந்தையார் ஒரு நீதிபதி. ஒன்பது குழந்தைகளுள் மொஸ்காத்தி ஏழாமவர். அவர் சிறு பிள்ளையாக இருந்தபோதே குடும்பம் நேப்பிள்ஸ் நகருக்குக் குடியேறியது. நீதிபதியின் மகன் சட்டம் பயில்வதே இயல்பாக இருந்திருக்கும். ஆனால் அவருடைய அண்ணன் ஆல்பெர்ட்டோ இராணுவப் பணியில் இருந்தபோது குதிரையிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். அதனால் வந்த வலிப்பு நோய் தீரவில்லை. அண்ணனின் படுக்கையருகே பல மணி நேரம் அமர்ந்து பணிவிடை செய்த சிறுவனின் உள்ளத்தில், துன்புறுவோருக்கு உதவ வேண்டும் என்ற ஆசை வேரூன்றியது. அவர் மருத்துவம் பயின்று 1903-ஆம் ஆண்டு சிறப்பாகத் தேறினார்.

அவர் பணிக்குச் சேர்ந்த இடம் 'தீராநோயாளர் மருத்துவமனை' எனப் பொருள்படும் இன்குராபிலி மருத்துவமனை. பதினாறாம் நூற்றாண்டில் மரியா லொரன்சா லோங்கோ என்ற பெண்மணி, கைவிடப்பட்ட நோயாளர்களுக்காக நிறுவிய இல்லம் அது. அக்காலத்து நேப்பிள்ஸில் ஏழைகள் குறுகிய சந்துகளில், தெரு மட்டத்தில் அமைந்த ஒற்றை அறை வீடுகளில், காற்றும் வெளிச்சமும் இன்றிக் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தனர். அனைவருக்கும் பொதுவான அரசு மருத்துவச் சேவை இத்தாலியில் சட்டமானது 1978-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் ஏழைக்கு நோய் வந்தால் அறச்சாலைகளும் நல்லவர்களின் இரக்கமுமே பெருந்துணை.

1906-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வெசூவியஸ் எரிமலை சீறி எழுந்தது. மலையடிவாரத்தில் உள்ள தோர்ரே தெல் கிரேக்கோ என்ற ஊரில் முதியோரும் முடக்குவாத நோயாளரும் தங்கியிருந்த மருத்துவமனையின் மீது சாம்பல் மழை பொழிந்தது. மொஸ்காத்தி அங்கு விரைந்து சென்று, நடக்க இயலாத அந்நோயாளிகளை வெளியேற்ற ஏற்பாடு செய்தார். எல்லாரும் வெளியேறிய சிறிது நேரத்தில் கூரை இடிந்து விழுந்தது. பின்னர் மேலதிகாரிக்கு எழுதியபோது, தமக்குத் துணைநின்ற பணியாளர்களுக்குப் பாராட்டு வழங்கும்படி வேண்டினாரேயன்றித் தமக்கென எதுவும் கேட்கவில்லை.

1911-இல் நேப்பிள்ஸில் காலரா பரவியபோது, நோயின் காரணத்தையும் தடுக்கும் வழியையும் ஆராயும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. முதல் உலகப் போரில் காயமுற்ற சுமார் 3,000 வீரர்களுக்கு அவர் சிகிச்சை செய்தார். நோயைக் கண்டறிவதில் அவருக்கு ஈடு இல்லை என்று பெயர் பரவியது. உலகப் புகழ் பெற்ற பாடகர் என்ரிகோ கருசோவுக்கும் 1921-இல், அவருடைய இறுதி நோயின்போது, மொஸ்காத்தியே வரவழைக்கப்பட்டார். செல்வர்கள் தேடி அழைத்த அதே மருத்துவர்தாம் சந்து வீடுகளின் படியேறியும் இறங்கியும் ஏழைகளைப் பார்த்தார். இலவசம் என்பதற்காக அவருடைய சிகிச்சையில் கவனம் ஒரு சிறிதும் குறைந்ததில்லை.

அவருடைய வீட்டில் நோயாளர் காத்திருக்கும் அறையில் ஒரு தொப்பி வைக்கப்பட்டிருக்கும். கொடுக்க இயன்றவர்கள் அதில் பணம் போடலாம். தேவைப்படுவோர் அதிலிருந்து எடுத்துக் கொள்ளலாம் என்ற அறிவிப்பும் அங்கு இருக்கும். யார் போட்டார், யார் எடுத்தார் என்று எவரும் பார்ப்பதில்லை. கையேந்தும் வெட்கம் ஏழைக்கு வராமல் காத்த அந்தத் தொப்பியை எண்ணினால் நம் உள்ளம் நெகிழ்கிறது.

கட்டணம் வாங்காமல் இருப்பது மட்டும் போதாது என்பதையும் அவர் கண்டார். மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்தால், மருந்து வாங்கப் பணம் எங்கே? சத்துள்ள உணவு உண்ணச் சொன்னால், உணவுக்கு வழி எங்கே? ஆகவே மடித்த சீட்டினுள்ளும் தலையணையின் அடியிலும் சத்தமில்லாமல் பணத்தை வைத்துவிட்டு வந்துவிடுவார். அடிக்கடி கவனிக்க வேண்டிய ஏழை முதியவர் ஒருவரை, தாம் நாள்தோறும் செல்லும் வழியிலிருந்த காப்பிக் கடையில் காலையில் வந்து அமரச் சொன்னார். சூடான பாலுக்கும் பிஸ்கட்டுக்கும் தாமே பணம் செலுத்தினார். முதியவர் அங்கே இருந்தால் நலம்; இல்லையென்றால் அவர் வீட்டுக்கே போய்ப் பார்ப்பார்.

இத்தகைய வாழ்வுக்கு அவர் விலை கொடுக்காமல் இல்லை. பல்கலைக்கழகப் பதவி உயர்வு அவருக்கு எட்டும் தூரத்தில் இருந்தும், நோயாளரின் படுக்கையருகையே தேர்ந்துகொண்டார். திருமணம் செய்யவில்லை, செல்வம் சேர்க்கவில்லை. உடன் வாழ்ந்த சகோதரி நீனா அவருடைய அறப்பணிகளுக்குத் துணையாக நின்றார். அவருடைய தாயார் 1914-இல் நீரிழிவு நோயால் இறந்தார். இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டதோ 1921-இல். தாய்க்குக் கிடைக்காத அம்மருந்தை நேப்பிள்ஸில் முதன்முதலாகப் பயன்படுத்தியவர்களுள் மொஸ்காத்தியும் ஒருவர்.

1927-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள், புனித வாரச் செவ்வாய்க்கிழமை. காலையில் திருப்பலியில் பங்கேற்று நற்கருணை உட்கொண்டார். மருத்துவமனையில் நோயாளரைப் பார்த்தார். வீடு திரும்பி அங்கு வந்தவர்களையும் பார்த்தார். பிற்பகலில் களைப்பாக உணர்ந்து நாற்காலியில் சாய்ந்தார். அமைதியாக உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 46. திருத்தந்தை ஆறாம் பவுல் 1975-இல் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1987-இல் புனிதராகவும் உயர்த்தினர். நேப்பிள்ஸின் ஜெசு நுவோவோ ஆலயத்தில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. நவம்பர் 16 அவருடைய திருநாள்.

நம்முள் மருத்துவராக விரும்புவோர் பலர். நம் பெற்றோரின் கனவும் அதுவே. ஆனால் மருத்துவரானால்தான் தொண்டு செய்யலாம் என்பதில்லை. சிகிச்சை இலவசமே ஆனாலும் ஒருநாள் கூலி போகும் என்று அஞ்சி நோயைப் பொறுத்துக் கொள்வோர் உண்டு. பஸ் கட்டணம் இல்லாதோரும், மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரியாதோரும் உண்டு. அவர்களுடன் மருத்துவமனைக்குச் செல்லவும், வரிசையில் நிற்கவும், எந்த மாத்திரையை எப்போது உட்கொள்ள வேண்டும் என்று சொல்லித் தரவும் நம்மால் இயலும். கொடுத்தவர் யாரென்று தெரியாதபடி கொடுத்த அந்த நல்ல மருத்துவரைப் போல, நாமும் பிறர் தலை குனியாதபடி உதவக் கற்றுக் கொள்வோமாக.