சூரத்தில் இறங்கிய மாணவர்

1916-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள். பரோடாக் கல்லூரியில் பயின்ற மாணவர்கள் சிலர் இண்டர்மீடியட் தேர்வு எழுதுவதற்காகப் பம்பாய் செல்லும் ரயிலில் ஏறினார்கள். அவர்களுள் ஒருவர் இருபது வயது நிரம்பிய வினாயக் நரஹரி பாவே. வண்டி சூரத்தை அடைந்ததும் அவர் நண்பர் இருவருடன் இறங்கிவிட்டார். காசிக்குச் செல்லும் வேறொரு வண்டியைப் பிடித்தார். தாம் தேர்வுக்குச் செல்லவில்லை, வேறிடம் போகிறோம், எங்கே சென்றாலும் தகாத செயல் எதையும் செய்யமாட்டோம் என்று தந்தைக்கு ஒரு சிறு கடிதம் மட்டும் எழுதினார். பின்னாளில் நாடு முழுவதும் ஆசாரிய வினோபா பாவே என்று போற்றிய மனிதரின் கல்லூரிப் படிப்பு அத்துடன் முடிந்தது.

அவர் பிறந்தது 1895-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள். ஊர், மகாராஷ்டிரத்தின் கொலாபா மாவட்டத்தைச் சேர்ந்த ககோதே என்னும் சிற்றூர். தந்தை நரஹரி சம்புராவ் பரோடாவில் பணிபுரிந்தார். சாயத் தொழிலிலும் வேதியியலிலும் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். எதையும் அளந்தும் எண்ணியும் பார்ப்பவர். மகன் இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் ஆக வேண்டும் என்பது அவருடைய கனவு. ஆகவே பள்ளியில் அவனைப் பிரெஞ்சு மொழி படிக்க வைத்தார். தாயார் ருக்மிணியோ மகன் சமஸ்கிருதம் படிக்க வேண்டும் என்று விரும்பினார்.

இந்த இருவரின் இயல்பையும் ஒரு நிகழ்ச்சி நன்கு காட்டும். இறைவனுக்கு ஒரு லட்சம் அரிசி சமர்ப்பிப்பதாகத் தாயார் விரதம் பூண்டு, நாள்தோறும் ஒவ்வொரு மணியாக எண்ணி வைத்து வந்தார். இதைக் கண்ட தந்தை, ஒரு தோலா அரிசியில் எத்தனை மணிகள் உள்ளன என்று எண்ணி, அந்தக் கணக்கில் நிறுத்து எடுத்துவிடலாமே, குறைந்துவிடும் என்று அஞ்சினால் சிறிது கூடுதலாகவே போட்டுவிடலாமே என்று யோசனை கூறினார். தாயாருக்கு விடை சொல்லத் தெரியவில்லை, மகனிடம் கேட்டார். இது கணக்குக்காகச் செய்வதன்று, ஒவ்வொரு மணியை எடுக்கும்போதும் மனம் இறைவனை நினைக்கிறதே, அதற்காகச் செய்வது என்று மகன் விளக்கினான். தாயாரின் மனம் குளிர்ந்தது. தந்தையின் கணக்கறிவும் மகனிடம் இறுதிவரை இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கணிதம் அவருக்கு மிகவும் உவப்பான பாடம்.

கல்லூரி வகுப்பில் மட்டும் அவர் மனம் ஒன்றவில்லை. நூலகத்தில் படித்தார், நண்பர்களைத் திரட்டி விவாதித்தார், பரோடாத் தெருக்களில் மணிக்கணக்காக நடந்தார். ஒரு நாள் தாயார் சமைத்துக்கொண்டிருக்கும்போது அடுப்பின் அருகில் அமர்ந்து தம் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகத் தீயில் இட்டார். இப்போது வேண்டாவிட்டாலும் அவை இருந்துவிட்டுப் போகட்டுமே என்றார் தாயார். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் எண்ணமே தமக்கு இல்லை என்று மகன் சொல்லிவிட்டார்.

அந்நாளில் அவர் உள்ளத்தை இரண்டு திசைகள் ஈர்த்தன. ஒன்று, துறவியர் தவம் புரியும் இமயம். மற்றொன்று, விடுதலைக்காக இளைஞர்கள் உயிரைப் பணயம் வைத்த வங்காளம். எது தம் வழி என்று அவருக்கே தெளிவில்லை. காசி இரண்டுக்கும் செல்லும் வழியில் இருந்தது.

காசியில் அவர்களுக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. வீட்டிலிருந்து பணம் வரவும் வழியில்லை. கங்கைக் கரையில் ஓர் அறையில் தங்கினார்கள். பகலில் அன்னசத்திரத்தில் உணவு. உணவுடன் இரண்டு பைசா தட்சணையும் தருவார்கள். அதில் ஒரு பைசாவுக்குத் தயிரும் ஒரு பைசாவுக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வாங்கினால் இரவு உணவு ஆயிற்று. மற்றச் செலவுக்காக ஒரு பள்ளியில் நாளும் சிறிது நேரம் ஆங்கிலம் கற்பித்தார். மாத ஊதியமாக இரண்டு ரூபாய் போதும் என்றார். சமஸ்கிருதம் கற்கப் பண்டிதர் ஒருவரை அணுகியபோது, பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும் என்றார் அவர். தம்மிடம் இரண்டு மாதங்களே உள்ளன என்று இளைஞர் பதிலளித்தாராம்.

ஒரு முறை பூட்டு வாங்கச் சென்றார். கடைக்காரர் பத்தணா விலை சொன்னார். அது இரண்டணா பெறும் என்பது அவருக்குத் தெரியும். உங்கள் வார்த்தையை நம்பிப் பத்தணா தருகிறேன், ஆனால் இதன் விலை இரண்டணாதான் என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். அதன் பின்னர் நாள்தோறும் அந்தக் கடை வழியாகவே போய்வந்தார், ஒன்றும் பேசவில்லை. சில நாட்களுக்குப் பின் கடைக்காரரே அவரை அழைத்து, அதிகமாக வாங்கியதைத் திருப்பித் தந்தார்.

பண்டிதர்களின் வாதசபைகளுக்கும் போவதுண்டு. ஒரு நாள் அத்வைதமா துவைதமா என்று வாதம் நடந்து, அத்வைதிகள் வென்றதாகத் தீர்ப்பாயிற்று. இளைஞர் எழுந்து, உண்மையில் தோற்றது அவர்களே என்றார். இரண்டாவது ஒன்று இல்லை என்பவர் எதிரே ஒருவரை நிறுத்தி வாதம் செய்யத் தொடங்கியபோதே தம் கொள்கையை விட்டுவிட்டார் அல்லவா?

இந்த நாட்களில்தான் பெருந்துயர் ஒன்று நேர்ந்தது. உடன் வந்த நண்பர் பேடேகர் நோயுற்று இறந்துபோனார். அவர் விரும்பியபடியே வினாயக் தாமே கங்கைக் கரையில் மந்திரம் ஓதி அந்த உடலுக்குத் தீ மூட்டினார். இருபது வயது இளைஞர்கள் பெற்றோர் அறியாமல் எங்கோ ஓரிடத்தில் வாழ்வதன் பொருள் என்ன என்பதை அந்தச் சிதை காட்டியிருக்கும். இவ்வரலாற்றைச் சொல்லும்போது அந்த நண்பரை விட்டுவிட்டுச் சொல்வது நேர்மையாகாது.

அவ்வாண்டு பிப்ரவரியில் காசி இந்துப் பல்கலைக்கழகத் தொடக்க விழாவில் காந்தியடிகள் ஆற்றிய உரையைப் பற்றி நகரம் அப்போதும் பேசிக்கொண்டிருந்தது. வைரமும் முத்தும் அணிந்து அமர்ந்திருந்த மன்னர்களை நோக்கி, அந்த நகைகளைக் களைந்து நாட்டு மக்களுக்கு வழங்குமாறு கேட்டவர் அவர். அச்சமின்மையைப் பற்றிப் பேசியவர். அவ்வுரையைப் படித்த வினாயக், தம் ஐயங்களை எழுதி அனுப்பினார். விடை வந்தது. மீண்டும் எழுதினார். இத்தகைய கேள்விகளைக் கடிதத்தால் தீர்க்க இயலாது, வாழ்ந்துதான் தீர்க்க வேண்டும், ஆசிரமத்துக்கு வாருங்கள் என்று காந்தியடிகள் எழுதினார். ஆசிரம விதிகளும் உடன் வந்தன.

1916 ஜூன் 7-ஆம் நாள் அவர் ஆமதாபாதில் உள்ள கோச்ரப் ஆசிரமத்தை அடைந்தார். காந்தியடிகள் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தார். வந்தவரிடமும் ஒரு கத்தியைக் கொடுத்தார். பிரம்மத்தைத் தேடிப் புறப்பட்டவருக்குக் கிடைத்த முதல் பாடம் அது. பிறகு மாவரைத்தல், நீர் சுமத்தல், துப்புரவுப் பணி என்று வேலைகள் தொடர்ந்தன. அவர் யாரிடமும் அதிகம் பேசவில்லை. இரவில் தனியே உபநிடதம் ஓதுவார். அதைக் கேட்டவர்கள் மூலமே அவருடைய சமஸ்கிருத அறிவு மற்றவர்க்குத் தெரிந்தது. வினோபா என்ற பெயரும் ஆசிரமத்தில் வழங்கியதே. இமயத்தின் அமைதியையும் வங்காளத்தின் வேகத்தையும் காந்தியடிகளிடம் ஒருங்கே கண்டதாக அவர் பிற்காலத்தில் பலமுறை கூறியிருக்கிறார்.

வீட்டுக்குத் தெரிவிக்காமல் வந்தவர் என்பதை அறிந்ததும், காந்தியடிகள் தாமே அவருடைய தந்தைக்குக் கடிதம் எழுதினார். தமக்கு நெடுநாள் பயிற்சியால் கிட்டிய மனவுறுதியும் துறவும் உங்கள் மகனுக்கு இந்த இளமையிலேயே வாய்த்துள்ளன என்னும் கருத்தில் அது அமைந்திருந்தது. அந்தக் கடிதம் வரும்வரை அவ்வீட்டார் பட்ட கவலையை எண்ணிப் பார்க்கலாம். அண்டை வீட்டார் எதை எதையோ பேசியபோதும், தம் வின்யா தவறான வழியில் போகமாட்டான் என்று தாயார் உறுதியாக இருந்தாராம்.

1917-இல் ஓராண்டு விடுப்புப் பெற்று வாயி என்ற ஊருக்குச் சென்று, நாராயண சாஸ்திரி மராட்டேயிடம் பிரம்மசூத்திரம் முதலியவற்றைப் பயின்றார். அவ்வாண்டில் மகாராஷ்டிரத்தில் நூற்றுக்கணக்கான மைல்கள் நடந்தார். இலவசமாகக் கீதை வகுப்பு நடத்தினார். மாணவர்களுடன் சேர்ந்து கூலிக்கு மாவரைத்து நூலகத்துக்குப் பணம் சேர்த்தார். சொன்னபடி சரியாக ஓராண்டு முடிந்த நாளில் ஆசிரமத்துக்குத் திரும்பினார்.

1918-இல் நாட்டைச் சூறையாடிய இன்ஃப்ளூயன்சா பரோடா வீட்டையும் விடவில்லை. தாய், தந்தை, கடைசித் தம்பி மூவரும் படுக்கையில் விழுந்தனர். காந்தியடிகள் வற்புறுத்தி அனுப்பவே வினோபா சென்று பணிவிடை செய்தார். தந்தை பிழைத்தார். தாயாரும் தம்பியும் இறந்துவிட்டனர். தாயின் இறுதிச் சடங்கைத் தாமே செய்ய விரும்பினார். புரோகிதரைக் கொண்டே நடத்த வேண்டும் என்றனர் உறவினர். அவர் சுடுகாட்டுக்குப் போகவில்லை. நீராடிவிட்டு வந்து, அன்றே வேதம் படிக்கத் தொடங்கினார். தாயாரின் சேலை ஒன்றை எடுத்துச் சென்று பல காலம் தலையணையாக வைத்துக்கொண்டார். கதராடை மட்டுமே உடுத்துவது என்று விரதம் ஏற்றபின் அதைச் சபர்மதியில் விட்டார். தம்பியர் பால்கோபாவும் சிவாஜியும் அண்ணன் வழியிலேயே பிரம்மசரியம் பூண்டு வெளியேறினார்கள். பாரிஸ்டர் மகனைக் கனவு கண்ட தந்தை தனித்து நின்றார்.

அதன்பின் நடந்தவை நம்மில் பலர் அறிந்தவையே. 1921-இல் வார்தா ஆசிரமப் பொறுப்பு; 1940-இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தின் முதல் சத்தியாக்கிரகி; 1951 ஏப்ரலில் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் பிறந்த பூதான இயக்கம்; ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகள் நாடெங்கும் நடைப்பயணம். வாக்களிக்கப்பட்ட நிலமெல்லாம் ஏழைகளின் கைக்குப் போய்ச் சேரவில்லை என்பதும் உண்மை. 1942 போராட்டத்தின்போது வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டவர், தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கையும் ஒரே சமயத்தில் கற்கத் தொடங்கினார். 1956-57-இல் தமிழக கிராமங்களில் நடந்தபோது அந்தக் கல்வி அவருக்கு உதவிற்று. 1982 நவம்பர் 15-ஆம் நாள் பவனாரில் உடல் நீத்தார்.

இன்னொரு செய்தி எஞ்சியிருக்கிறது. அவர் வீட்டில் இருந்த காலத்தில் தாயார் கீதைச் சொற்பொழிவுக்குப் போவதுண்டு. சமஸ்கிருதம் புரியவில்லை என்பதால் மராத்தியில் கீதை வேண்டும் என்றார். மகன் ஒரு செய்யுள் மொழிபெயர்ப்பைத் தேடிக் கொண்டுவந்தார். அதுவும் கடினமாக இருந்தது. அப்படியானால் நீயே ஒன்று எழுதிக் கொடேன் என்றார் தாயார். 1930 அக்டோபர் 7-ஆம் நாள் வினோபா எழுதத் தொடங்கி, 1931 பிப்ரவரி 6-ஆம் நாள் முடித்தார். கீதை அன்னை என்று பொருள்படும்படி கீதாயீ என்று பெயரிட்டார். தாயார் மறைந்து அப்போது பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. 1932-இல் அந்நூல் அச்சேறியபோது அவர் துலியா சிறையில் இருந்தார். ஞாயிறுதோறும் உடனிருந்த கைதிகளுக்கு ஓர் அத்தியாயம் வீதம் கீதையை விளக்கிக்கொண்டிருந்தார். சானே குருஜி அருகில் அமர்ந்து அதை எழுதிக்கொண்டார்.