ஜான்சி ராணியும் ஓடை தாண்டாத குதிரையும்

ஜான்சி ராணி என்றால் நம்ம எல்லாருக்கும் ஒரே படம்தான் ஞாபகம் வரும். முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு, கையில் வாளோடு, முன்னங்காலைத் தூக்கி நிற்கிற குதிரைமேல் ஒரு பெண். அந்த வாளைப் பற்றி எல்லாரும் பேசுவாங்க, குதிரையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் ராணியின் உயிர் போனதே ஒரு குதிரை தாண்ட மறுத்ததால்தான் என்று சொல்வாங்க. அதனால் நம் கூட்டமைப்பு மலரில் அவங்க வாழ்க்கையை அந்தப் பக்கமாக எழுதுகிறேன்.

பிறந்தது காசியில். பெயர் மணிகர்ணிகா, வீட்டில் மனு என்று கூப்பிடுவாங்க. நாலு வயதிலேயே அம்மா பாகீரதி இறந்துவிட்டார். அப்பா மோரோபந்த் தாம்பேக்கு பித்தூரில், பேஷ்வா இரண்டாம் பாஜிராவிடம் வேலை. தாயில்லாப் பிள்ளையை அப்பா கூடவே வைத்து வளர்த்தார். பேஷ்வாவின் வளர்ப்பு மகன் நானா சாகிப்போடு சேர்ந்து மனுவும் எழுதப் படிக்க, வாள் சுற்ற, குதிரை ஏறக் கற்றுக்கொண்டாள். அந்தக் காலத்தில் ஒரு பெண் குழந்தைக்கு இது கிடைப்பது லேசு இல்லை.

1842-ல் ஜான்சி ராஜா கங்காதர ராவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். லட்சுமிபாய் என்று பெயர் மாறியது. 1851-ல் பிறந்த ஆண் குழந்தை நாலே மாதத்தில் இறந்துபோனது. 1853 நவம்பரில் ராஜாவும் போய்விட்டார். சாகிறதுக்கு முதல் நாள் உறவில் ஒரு பையனைத் தத்து எடுத்து, தாமோதர் ராவ் என்று பெயர் வைத்தார்கள். தத்துப் பிள்ளை செல்லாது என்று கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி 1854-ல் ஜான்சியை எடுத்துக்கொண்டார். ராணிக்கு வருஷம் 60,000 ரூபாய் பென்ஷன், கோட்டையை விட்டுக் கீழே இருக்கிற மாளிகையில் குடியிருப்பு என்று முடிவு பண்ணினார்கள். புருஷன் போன உடனே சொத்துக்கு ஆள் வருகிற கதை நமக்குப் புதுசு இல்லை.

அப்படி இருந்தும் அவங்க மூலையில் உட்காரவில்லை. விஷ்ணுபட் கோட்சே என்ற மராத்தி புரோகிதர் அப்போது ஜான்சியில் தங்கி, கண்ணால் பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார். விடியற்காலையில் எழுந்து உடற்பயிற்சி, அப்புறம் குதிரை. குதிரையைப் பார்த்ததுமே அதன் குணம் சொல்லிவிடுவார் என்று பேர். ஒரு வியாபாரி ஒரே மாதிரி இரண்டு குதிரை கொண்டு வந்தானாம். ராணி இரண்டிலும் ஏறிப் பார்த்துவிட்டு, ஒன்றுக்கு நல்ல விலையும் இன்னொன்றுக்குச் சொற்ப விலையும் சொன்னாராம். விலை குறைந்ததுக்கு நெஞ்சில் உள்காயம் இருந்ததாம். இப்படி ஒரு கதை உண்டு.

இங்கே ஒரு விஷயம் தெரிந்துகொள்ளணும். குதிரைக்குக் கண் தலையின் இரண்டு பக்கமும் இருக்கு. சுற்றுமுற்றும் நல்லா தெரியும், மூக்குக்கு நேர் கீழே இருப்பது தெரியாது. தண்ணியைப் பார்த்தால் ஆழமா, ஆழமில்லையா என்று அதுக்குப் புரியாது. நம்ம வீட்டுக் கன்னுக்குட்டியே புதுசா வெட்டின வாய்க்காலைப் பார்த்தால் நாலு காலையும் ஊன்றி நின்றுவிடும். கயிற்றை இழுத்தால் இன்னும் பின்னாடிதான் போகும். குதிரை அதைவிடப் பயந்த பிராணி. அதனால் பழக்குகிறவர்கள் முதலில் தரையில் ஒரு கட்டையைப் போட்டு நடந்தே தாண்ட விடுவார்கள். அப்புறம் கொஞ்சம் உயரம், அப்புறம் சின்ன பள்ளம். பழகின குதிரை ஒன்றை முன்னால் விட்டால், பயந்தது அதன் பின்னாடியே வரும். தாண்டினதும் கடிவாளத்தைத் தளர்த்தி கழுத்தைத் தட்டிக் கொடுக்கணும். அடித்தால் அந்த இடத்தைப் பார்த்தாலே அடி ஞாபகம் வந்து இன்னும் மிரளும். இதெல்லாம் ஒரு நாளில் வராது. மேலே உட்கார்ந்திருப்பவரை குதிரை நம்புவதற்கே மாதக்கணக்கு ஆகும்.

அதே பொறுமையோடு ராணி பெண்களையும் பழக்கினார். வாள், துப்பாக்கி, குதிரை ஏற்றம் எல்லாம் கற்றுக் கொடுத்தார். 1858 மார்ச்சில் ஜெனரல் ஹியூ ரோஸ் ஜான்சியை முற்றுகை போட்டபோது, பெண்கள் பீரங்கி மேட்டில் வேலை செய்வதையும் குண்டு மருந்து தூக்குவதையும் வெள்ளைக்காரப் படையே பார்த்தது.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஊர் விழுந்தது. இரவோடு இரவாக ராணி பிள்ளையோடு தப்பினார். பாதல் என்ற குதிரையில் கோட்டைச் சுவரிலிருந்தே குதித்தார் என்பது ஜனங்கள் சொல்லும் கதை. ஜான்சி கோட்டையில் இன்றும் அந்த இடத்தைக் காட்டுகிறார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து குதித்தாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஆனால் அங்கிருந்து கால்பி சுமார் 160 கிலோமீட்டர். ஒரே நாளில் குதிரையில் போய்ச் சேர்ந்தார். பழகின குதிரையும் பழகின ஆளும் இல்லாமல் அது நடக்காது. பின்னால் பிடிபட்ட அப்பா மோரோபந்தை வெள்ளைக்காரர்கள் தூக்கில் போட்டார்கள்.

மே மாதம் கால்பியும் போனது. ஜூன் 1-ல் தாத்யா தோபே முதலானவர்களோடு சேர்ந்து குவாலியரைப் பிடித்தார்கள். இதற்குள் ராணியின் பழைய குதிரைகள் இல்லை. குவாலியர் லாயத்திலிருந்து ஒரு புதுக் குதிரை கொடுத்தார்கள். பார்க்க லட்சணமாக இருந்திருக்கும். பழக்குவதற்கு நாள் ஏது? ஜூன் 17-ல் கோட்டா கி சராயில் சண்டை. கூட இருந்த தோழி முந்தரும் அங்கேயே விழுந்தாள். வழியில் ஒரு சின்ன ஓடை. ராணி குதிரையைத் தட்டினார். அது முன்னங்காலை ஊன்றி நின்றுவிட்டது. திரும்ப முயற்சி பண்ணினார், தாண்டவே இல்லை. பின்னாடி வந்த குதிரைப்படைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள் என்று அங்கே வழிவழியாகச் சொல்கிறார்கள்.

அந்தக் குதிரையைத் திட்டி எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. முன்பின் தெரியாத ஆள் மேலே, பார்க்காத தண்ணி கீழே, சுற்றிலும் வெடிச் சத்தம். அது என்ன செய்யும்?

ராணிக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. குவாலியர் பூல்பாக்கில் சமாதி இருக்கு. தாமோதர் ராவ் பிழைத்து, இந்தூரில் வாழ்ந்து 1906-ல் காலமானார்.

1943-ல் சிங்கப்பூரில் நேதாஜி பெண்களுக்குத் தனிப் படை ஆரம்பித்தபோது அதுக்கு ஜான்சி ராணி படை என்றே பெயர் வைத்தார். சேர்ந்தவர்களில் நிறைய பேர் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். பால் வெட்டின கையில் துப்பாக்கி பிடிக்கப் பழகினார்கள். அந்தப் படைக்குத் தலைமை தாங்கிய டாக்டர் லட்சுமி பிறந்தது நம்ம சென்னையில்தான்.